கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்



காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சகோதரி ஷஃபான் மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் ஒரு புடவையைப் பற்றியது. அவருடைய தாயாரின் நிக்காஹ் புடவை. அரக்கு நிற உடல், பச்சைக் கரை, பச்சை முந்தானை. உடல் முழுவதும் மல்லிமொக்குப் புட்டா. தாயார் வஃபாத்தாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. தந்தையார் அதற்கும் முன்பே மறைந்துவிட்டார். பெட்டியின் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்த புடவை அப்படியே இருக்கிறது. வீட்டு வருமானம் இந்த ஆண்டு குறைந்துவிட்டதால் எட்டு வயது மகளுக்குப் பெருநாள் உடை எடுக்க வழியில்லை. தெருவில், "பழைய பட்டுப் புடவை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வருபவர் புடவையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்லிப் போயிருக்கிறார். மறுநாள் வருவதாகவும் சொல்லியிருக்கிறார். "அக்கா, விற்பதா, வெட்டித் தைப்பதா? எனக்கு வீட்டில் உஷா மிஷின் இருக்கிறது. ஆனால் பட்டில் கை வைக்கப் பயமாக இருக்கிறது" என்று கேட்டிருந்தார்.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ரவிக்கையின் கை இறுக்கமாக இருப்பது பற்றியோ புர்காவின் ஜிப் கெட்டுப்போனது பற்றியோதான் இருக்கும். இதற்கு ஓர் அஞ்சலட்டையில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தானே என்று ஒரு நாள் காலையில் பேருந்து ஏறிவிட்டேன்.

விற்பதைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். தேவைக்காகப் புடவையை விற்பதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். தெருவில் வாங்குகிறவருக்குப் புடவை வேண்டாம். அதிலுள்ள வெள்ளிதான் வேண்டும். அசல் ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தட்டையாக இழுத்து, சிவப்புச் சாயமிட்ட பட்டு நூலின்மேல் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் ஏற்றியது. பொன் அதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான். பார்வைக்குத் தங்கமாக இருப்பதெல்லாம் உள்ளே வெள்ளியும் செம்பும் பட்டும். சூரத்திலிருந்து ஜரிகை வந்துகொண்டிருந்த காஞ்சிபுரத்தில், 1971-இல் தமிழக அரசே ஒரு ஜரிகை நிறுவனத்தை ஏற்படுத்தியது. வாங்கிச் சென்ற புடவையை எரித்து அல்லது உருக்கி வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். அதனால்தான் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள். தங்க நிறம் விலகிய இடத்தில் சிவப்பு நூல் தெரிந்தால் அசல் ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் போலி. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், அதுவும் கரையின் ஓரத்தில் ஓர் இழையில் மட்டும். அதன் பிறகும் விற்பதென்றால் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, எடை போடுவதை நேரில் பாருங்கள். நெய்தவரின் இருபது நாள் உழைப்புக்கோ உங்கள் தாயாரின் நினைவுக்கோ அந்தத் தராசில் எடை கிடையாது.

இனி வெட்டுவது. கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஊசி, நூல், அளவு நாடா பற்றி நான் பேசுவேன் என்று அந்தச் சகோதரி எதிர்பார்த்திருப்பார். நான் கேட்டது வேறு. "உங்களுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்?"

ஒரு தங்கை வாணியம்பாடியில் இருக்கிறார். ஒரு தம்பி வளைகுடா நாட்டில் இருக்கிறார். "அவர்களிடம் கேட்டீர்களா?" என்றேன். "ஒரு பழைய புடவைக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

தாய் விட்டுச் சென்றது வீடானாலும் புடவையானாலும் அது வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. நகையையும் நிலத்தையும் பங்கிடும்போது ஆலிம்களை அழைத்துக் கேட்கும் நாம், துணிமணிகளை மட்டும் கையில் கிடைத்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். பல குடும்பங்களில் அக்காள் தங்கையின் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் நிலம் அல்ல, ஒரு புடவைதான் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். மேலும், நிலத்தைத் தவறாகப் பிரித்தால் திரும்பப் பிரிக்கலாம். வெட்டிய பட்டை ஒட்ட முடியாது.

தம்பிக்கு அப்போதே தொலைபேசியில் பேசினார். "எனக்குப் பட்டு ஹலால் இல்லையே, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. எனக்குப் பெருநாளுக்குக் கொஞ்சம் அல்வா அனுப்பினால் போதும்" என்று சிரித்தார் அவர். தங்கையிடம் பேசியபோது மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "முந்தானையை மட்டும் வெட்டாதே அக்கா" என்றார். அவ்வளவுதான். அதை விற்கலாமா என்று கேட்க வந்த வாய், கேட்காமலே மூடிக்கொண்டது.

முந்தானையைப் பற்றி எனக்கே ஒரு பழைய கணக்கு உண்டு. திருமணமாகி நான்காம் ஆண்டு, தையல் வகுப்பில் கற்ற தைரியத்தில், என் மாமியார் கொடுத்த ஒரு காஞ்சிபுரம் புடவையை என் மகளுக்குச் சட்டையாக்கினேன். முந்தானையின் ஜரிகைப் பகுதி மார்பிலும் முதுகிலும் வருமாறு வெட்டினேன். முந்தானையும் உடலும் சேரும் வரி சரியாகக் கைக்குழியின் வளைவில் வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் அன்று பிள்ளை ஓடிப்போய் நன்னியைக் கட்டிப்பிடிக்கக் கையைத் தூக்கினாள். அக்குளிலிருந்து தோள்வரை ஒரே கிழியாகக் கிழிந்தது. என் மாமியார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு வலிக்கிறது.

ஏன் கிழிந்தது என்பது எனக்கு வெகுநாள் புரியாமலே இருந்தது. இம்முறை அந்தச் சகோதரி என்னைப் பிள்ளையார்பாளையத்தில் தமக்குத் தெரிந்த ஒரு நெசவாளரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். முதியவர். குழித்தறியில் அமர்ந்து ஐம்பது ஆண்டுகள் நெய்தவர். இப்போது கண் மங்கிவிட்டதால் பிள்ளைகளுக்குப் பாவு பார்த்துக் கொடுக்கிறார். புடவையை மடியில் விரித்து விரலாலேயே படித்தார்.

"இது கோர்வைப் புடவை அம்மா. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று நாடா ஓடியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ளியிருப்பான்" என்றார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும் இடம்தான் கோர்வை. அந்த இணைப்பு உறுதியானது. உடல் நைந்த பிறகும் கரை நிற்கும் என்பது அந்த ஊரார் பெருமையாகச் சொல்வது. முந்தானையில் அப்படி அல்ல. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்தானைப் பாவின் இழை ஒவ்வொன்றையும் கையால் முறுக்கி இணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். இதற்குப் பிட்னி என்று பெயர். அந்த இடத்தில் சற்றே தடித்த, நெளிந்த ஒரு வரி தெரியும். "நேராகத் தொங்கினால் அது தாங்கும் அம்மா. குறுக்கே கத்தரியை ஓட்டி வளைவில் கொண்டுபோய் வைத்தால், முடிச்சின் வாலை வெட்டின மாதிரி. எப்படி நிற்கும்?" என்றார்.

எனக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பதில் கிடைத்தது.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கோர்வை, பிட்னி ஆகிய இந்த வேலைப்பாடுகளுக்காகத்தான் அந்த ஊர்ப் பட்டை உலகம் தனியாக அடையாளம் காண்கிறது. ஆனால் வெட்டித் தைப்பவர்களுக்கு அதே வேலைப்பாடுகள்தான் பொறி. ஆகவே முதல் விதி: பிட்னி வரி கைக்குழியிலோ கழுத்திலோ இடுப்பிலோ வரக் கூடாது. இரண்டாவது, கரை உடலைவிடக் கனமானது. கரையையும் உடலையும் சேர்த்துச் சுருக்குப் பிடித்தால் ஒன்று இழுக்கும், மற்றொன்று தளரும். கரையைக் கீழ் விளிம்பாக விட்டுவிடுங்கள். நெய்த விளிம்பு பிரியாது. மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம்.

புடவை தைக்கத் தகுந்த நிலையில் உள்ளதா என்று எப்படிப் பார்ப்பது? பகல் வெளிச்சத்தில் சன்னல் கம்பியில் தொங்கவிட்டு மறுபக்கத்திலிருந்து பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே பட்டு வெடித்திருக்கிறது என்று பொருள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்ததன் கூலி அது. அடுத்து, இரண்டு கட்டைவிரல்களுக்கிடையே துணியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். "சிர்" என்று ஒலியெழுப்பி இழை விலகினால், அந்தப் பகுதியை உடுப்பாக்க நினைக்க வேண்டாம். புடவையின் உட்தலைப்பு, அதாவது இடுப்பில் செருகும் முனை, பெரும்பாலும் நைந்திருக்கும். தரையில் உரசிய கீழ்க்கரையும் அப்படியே. ஃபால்ஸ் வைத்துக் கட்டிய புடவையானால் அது தப்பியிருக்கும். தோளில் ஊக்குக் குத்திய இடத்தில் சிறு துளைகள் இருக்கும். இவற்றையெல்லாம் வெள்ளை நூலால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாக வட்டமிட்டு அடையாளம் செய்யுங்கள். சாக்குக்கட்டி அரக்கு நிறப் பட்டில் தடம் விட்டுவிடும்.

சாயமும் பார்க்க வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியைக் கரையின் உட்புறத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தப் புடவையில் தைக்கும் எதையும் வீட்டில் துவைக்க முடியாது. உள்துணியில் சாயம் ஏறிவிடும்.

அந்தச் சகோதரியின் புடவை இந்தத் தேர்வில் தேறியது. கீழ்க்கரை மட்டும் ஓரிரு இடங்களில் தேய்ந்திருந்தது. தரையில் பாய் விரித்து, புடவையைப் பரப்பி, இருவரும் முழங்காலிட்டுக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையின் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புடவை ஐந்தரை மீட்டர் நீளம், நாற்பத்தெட்டு அங்குல அகலம். இதில் முந்தானை ஏறத்தாழ ஒரு மீட்டர். உட்தலைப்பின் பக்கமிருந்து 2.25 மீட்டர் பாவாடைக்கு. அடுத்த முக்கால் மீட்டர் சட்டைக்கு. மீதி உடல் ஒன்றரை மீட்டரும் முந்தானையும் சேர்ந்து இரண்டரை மீட்டரில் ஒரு துப்பட்டா. அதில் பிட்னி வரி வருகிறது. ஆனால் துப்பட்டாவில் அது நேராகத் தொங்கும், இழுப்பு விழாது. முந்தானையில் கத்தரி படவே இல்லை. முழு அகலமும் இருப்பதால் தலையையும் மார்பையும் நன்றாக மூடிக்கொள்ளலாம். வெட்டிய முனையை மெல்ல மடித்துக் கையாலேயே ஹெம்மிங் செய்தால் போதும். துப்பட்டா வாணியம்பாடிக்கு என்று கணக்கு போடும்போதே முடிவாகிவிட்டது. அதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

பாவாடைக்கு வருவோம். பிள்ளைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை முப்பது அங்குலம். எட்டு வயதுப் பிள்ளை அடுத்த பெருநாளுக்குள் வளர்ந்துவிடும். ஆகவே ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு மடிப்புகள், நம் தையற்காரர்கள் 'டக்கு' என்பார்களே, அவற்றைக் கரைக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். ஒரு டக்குக்கு இரண்டு அங்குலத் துணி போகும், ஆக நான்கு. இடுப்பில் தையலுக்கு ஒன்று. மொத்தம் முப்பத்தைந்து அங்குலம். தேயாத மேற்கரையைப் பாவாடையின் கீழ் விளிம்பாக வைத்து, அங்கிருந்து முப்பத்தைந்து அங்குலம் அளந்து வெட்டினோம். மிஞ்சிய பதின்மூன்று அங்குலப் பட்டையில் பழைய கீழ்க்கரை இருக்கிறது. அதில் நல்ல பகுதியாகப் பார்த்துச் சட்டையின் கைகளுக்கு எடுத்தோம். நம் வீடுகளில் பாட்டிமார் வைத்துத் தைத்த டக்குகள், ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து இறக்கப்பட்டு, ஒரே பாவாடை மூன்று பெருநாள் கண்டதுண்டு. டக்கைப் பெரிய தையலாகவே போடுங்கள். பட்டில் ஊசித் துளை மறையாது. நெருக்கித் தைத்துப் பின்னால் பிரித்தால் புள்ளி புள்ளியாகக் கோடு நிற்கும். அந்தக் காரணத்தால்தான் பழைய பட்டு ரவிக்கையைப் பிரித்துத் தளர்த்துவதும் கடினம். பழைய தையல் கோடு வெளியே தெரியும். அதை மறைக்க ஒரு பைப்பிங் வைக்க வேண்டியிருக்கும்.

பழைய பட்டு தன் பாரத்தைத் தானே தாங்காது. இதை மறந்தால் எல்லா உழைப்பும் வீண். எனவே, பாவாடைக்கு நாடா வைத்து இடுப்பில் இறுக்கக் கட்டுவதைவிட, பருத்தித் துணியில் கையில்லாத ஒரு பாடி தைத்து அதனோடு பாவாடையை இணைத்து, 'பாடி பாவாடை'யாகத் தைத்துவிடுங்கள். பாரம் பிள்ளையின் தோளில், பருத்தியின்மேல் விழும். பட்டில் இழுப்பு இராது. சுருக்குப் பிடிப்பதைவிடக் கொசுவம் போல அகல மடிப்புகளாக வைப்பது நல்லது. சட்டைக்கு உள்ளே மெல்லிய மல்மல் துணி கொடுத்து, பட்டையும் மல்மலையும் ஒரே துணியாகப் பாவித்துச் சேர்த்துத் தையுங்கள். மல்மலை முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட வேண்டும். ஊறவைக்காத உள்துணி முதல் சலவையில் சுருங்கி, மேலே உள்ள பட்டைக் கசங்கிய காகிதம்போல் ஆக்கிவிடும்.

இயந்திரத்தில் 11-ஆம் எண் ஊசி போடுங்கள். 14, 16 எல்லாம் பருத்திக்கும் கனத்த துணிக்கும். மழுங்கிய ஊசி பட்டின் இழையை இழுத்துவிடும். எனவே புதிய ஊசி. நூல் மெல்லியதாக இருக்கட்டும். வலுவான நூல் நைந்த பட்டை அறுத்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்குலத்துக்குப் பத்துத் தையலுக்குமேல் வேண்டாம். பாபின் இழுப்பைச் சற்றுத் தளர்த்தி, வெட்டிப்போட்ட துண்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு உடுப்பில் கை வையுங்கள். இஸ்திரிப் பெட்டியைச் சூடு குறைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டே தேயுங்கள். ஜரிகை போலியானால் அதில் பிளாஸ்டிக் இருக்கலாம். நேரே சூடு பட்டால் சுருண்டு போகும்.

தையல் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரான்சு நாட்டில் திமோனியே என்ற தையற்காரர் 1830-இல் இயந்திரத் தையலுக்கு உரிமம் பெற்றார். தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய மற்றத் தையற்காரர்கள் அவருடைய இயந்திரங்களை உடைத்து நொறுக்கினார்கள். இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகளோ, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார். இந்தியாவில் 1930-களில் உஷா வந்தது. இன்று நம் வீடுகளில் சமையலறைக்கு அடுத்தபடியாகப் பெண்கள் ஆட்சி செய்யும் இடம் அந்தக் கால்மிதி இயந்திரத்தின் முன்தான். கணவரை இழந்த பல சகோதரிகளுக்கு அதுவே சோறு போடுகிறது. தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களும் உள்ளன. தேவையுள்ளவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் மார்க்கம் சார்ந்த இரண்டு செய்திகள். முதலாவது, பட்டு பெண்களுக்கு ஆகுமானது, ஆண்களுக்கு ஆகாது. மிஞ்சிய துணியில் மகனுக்கு ஒரு ஜிப்பா தைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளையானாலும் அந்தப் பழக்கம் வேண்டாம் என்பதே என் எண்ணம். ஐயமிருந்தால் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேளுங்கள். இரண்டாவது, காஞ்சிப் பட்டில் மயில், அன்னம், யாளி, இருதலைப் பட்சி என்று உருவங்கள் நிறைய வரும். மல்லிமொக்கு, கட்டம், தாழம்பூ ரேக்கு, வாழைப்பூ போன்றவை உருவமில்லாதவை. தொழுகைக்கு உடுத்தும் துணியில் உருவம் வராதபடி பார்த்து வெட்டுங்கள். என்னைக் கேட்டால் தொழுகை மக்கனாவுக்குப் பட்டே வேண்டாம். பளபளப்பும் சரசரப்பும் கவனத்தைக் கலைக்கும். நைந்த நூல் புடவைக்கு நிகரான மக்கனாத் துணி கிடையாது.

கிழிந்ததைத் தைத்து உடுத்துவது ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே எப்போது புகுந்ததோ தெரியவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும் காலணியைத் தாமே செப்பனிட்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வங்காளத்து முஸ்லிம் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டுக் காந்தா விரிப்புகள் செய்தார்கள். அதற்கான வண்ண நூலையும் பழைய சேலையின் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் இன்றும் பழந்துணிகளை ஒட்டுப்போட்டுக் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். செல்வம் கொழித்த இங்கிலாந்திலேயே 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. இருப்பதைச் செப்பனிட்டு உடுத்துங்கள் என்று 1943-இல் அரசே கையேடு அச்சிட்டுக் கொடுத்தது.

ரமலான் பிறை பதினைந்தைத் தாண்டினால் எந்தத் தையற்காரரும் துணி வாங்க மாட்டார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சகோதரிக்கு அந்தக் கவலை இல்லை. தராவீஹுக்குப் பிறகு ஒரு மணி நேரம், பகலில் லுஹருக்குப் பின் ஒரு மணி நேரம் என்று பத்து நாளில் முடித்துவிட்டதாக எழுதியிருந்தார். சட்டையின் இடது கை முதலில் திருப்பித் தைக்கப்பட்டுவிட்டதாம். கோர்வை உட்புறமாகப் போய்விட்டது. பிரித்தால் துளை தெரியுமே என்று அஞ்சி, என் யோசனைப்படி தையலோரத்தில் ஒரு பச்சைப் பைப்பிங் வைத்து மறைத்து, வலது கைக்கும் அதேபோல் வைத்துவிட்டார். இப்போது அது வேண்டுமென்றே வைத்த அலங்காரம் போல இருக்கிறது என்று ஊரார் சொல்கிறார்களாம்.

துப்பட்டாவைப் பெருநாளுக்கு மறுநாள் தாமே வாணியம்பாடிக்கு எடுத்துச் சென்று கொடுத்திருக்கிறார். தங்கை அதை விரித்துப் பார்க்கவில்லை. மடித்த படியே முகத்தில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, "அம்மா பெட்டியின் வாசனை போய்விட்டதே, துவைத்தாயா?" என்று கேட்டாராம். துவைக்கவில்லை, நிழலில் காற்றாட மட்டுமே போட்டேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதன்பின் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கடிதம் முடிகிறது.

மிஞ்சிய பதின்மூன்று அங்குலப் பட்டையில் இன்னும் ஒன்றேகால் மீட்டருக்குமேல் இருக்கிறது. அதில் குர்ஆனுக்கு ஓர் உறை தைக்கும் முறையை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார். குர்ஆன் பிரதியின் உயரத்தோடு ஓர் அங்குலம், சுற்றளவோடு இரண்டு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். உட்புறம் மல்மல் கொடுத்து, மூடி மடியும் பக்கத்தில் கரை வருமாறு வைத்து, நாடாவுக்குப் பதில் துணியிலேயே செய்த பொத்தான் போடுங்கள். உலோகப் பொத்தான் அட்டையைக் கீறும். மீதித் துணியை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம். பாச்சை உருண்டை ஜரிகையில் நேரே படக் கூடாது, கறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், கைலியில் விழுந்த சிகரெட்டுப் பொத்தலை ரஃபூ செய்வது பற்றி. அந்தக் கடிதத்தை எழுதிய சகோதரி தம் கணவரின் பெயரையும் குறிப்பிட்டிருக்கிறார். அதை நான் வெளியிடப் போவதில்லை.